வானவில்லுக்கு முதுகு காட்டிய மாலை

விளக்கேற்றும்போது நான் போன் எடுப்பதில்லை. அன்றைக்கு முருகன் படத்துக்கு முன்னால் திரி நிமிண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விட்டேன். மறுபடியும் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது எண்ணெய்க் கையோடு எடுத்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் பிரியா.

"அம்மா, நர்ஸம்மா..."

"என்ன கண்ணு? தறி ஓடுது, ஒண்ணும் கேக்கலை."

"தறிய நிறுத்தும்மா!"

வீட்டை ஒட்டின கொட்டகையில் எங்களுக்கு எட்டு விசைத்தறி. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். சத்தம் அடங்கியதும்தான் அவள் அழுவதே கேட்டது. "நர்ஸம்மா போயிட்டாங்களாம்மா. காலைல டூட்டிக்குக் கெளம்பி, வண்டிச் சாவிய எடுக்கக் குனிஞ்சவங்க எந்திரிக்கலையாமா."

மேரி புஷ்பம் நர்ஸம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், மீதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவர் நல்லவர் என்று நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரு பேச்சு சோமனூர் சுற்றுவட்டாரத்தில் நாலு வருஷமாக உலாவுகிறது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி போன் பண்ணிக் கேட்டதற்கு, "காலையில் பார்க்கலாம்" என்று அலட்சியமாகச் சொல்லி, வயிற்றுப் பிள்ளை போகக் காரணமாக இருந்தார் என்று. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி என் மகள். அந்தப் பேச்சு பொய். அது எங்கே பிறந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பிரியாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கிராம நர்ஸ் என்ற முறையில் நர்ஸம்மா வாரம் ஒரு தடவை வருவார். பழைய ஸ்கூட்டர், தோளில் ஒரு பை, பைக்குள் அவருடைய தண்ணீர் பாட்டில். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் கேட்டதே இல்லை. அவருக்கென்று எங்கள் அடுக்களையில் ஒரு டம்ளர் தனியாக இருந்ததை அவர் அறிவார். இதைச் சொல்லாமல் விட்டால் மீதி சொல்வதெல்லாம் அரைகுறையாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

வந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "ஏனுங்க்கா, தறிய நிறுத்துங்க" என்பதுதான். பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்க அவரிடம் ஒரு குழல் இருந்தது. வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைப்பார். தறி ஓடினால் அதில் ஒன்றும் கேட்காது. எங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது. "வாரா வாரம் நிறுத்தி ஓட்டுனா நூலு அந்து போவுது" என்று முணுமுணுப்பார். நர்ஸம்மா விடமாட்டார். "நூலு அந்தா முடிஞ்சுக்கலாமுங்க" என்பார். வீட்டுக்காரர் போய் சுவிட்சை இறக்குவார்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். அப்போதுதான் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. நர்ஸம்மா புறப்பட வாசலுக்குப் போனவர், அங்கிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"அம்மணி, பிரியா! வெளிய வா, சீக்கிரம் வா! வானவில்லு பாரு, எத்தச்சோடு இருக்குதுன்னு!"

கிழக்கே வானம் முழுக்க வளைத்துக்கொண்டு நின்றது. பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். நர்ஸம்மா கையை நீட்டி ஒவ்வொரு நிறமாகக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

எங்களுக்கு வில் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா மானாவாரிக் காட்டுக்காரர். சோளம் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்தே வயதானவர். மேகம் திரளும், நாலு துளி விழும், அதற்குள் வில் வந்துவிடும். வந்த மழை அவ்வளவுதான். அப்பா தோளில் கிடக்கும் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். அன்றைக்கு யாரும் அவரிடம் பேச முடியாது. எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிப்போனது. கைக்கு எட்டி நழுவிப் போவதையெல்லாம் அப்படித்தான் சொல்வோம். என் தங்கைக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் பூ வைக்கிற அன்றைக்கு நின்றுபோனது. அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வில்லு போட்டிருச்சு."

அப்படிப்பட்ட வில்லை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைக் கூப்பிட்டுக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

"கைய எறக்குங்க மொதல்ல!" என்றேன். "உங்க சாமிக்கு அது நல்லதா இருக்கலாம். எங்களுக்கு வந்தது தங்காதுன்னு அர்த்தம். வவுத்துப் புள்ளைக்காரிகிட்டக் காட்டற காரியமா இது?"

நர்ஸம்மாவின் கை சட்டென்று இறங்கியது. "தெரியாம பண்ணிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை கிருத்திகை. நான் விரதம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், கட்டிலில் படுத்திருந்த பிரியா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, மத்தியானத்துல இருந்து புள்ளை அசையவே இல்லம்மா."

"தறி ஓடுதல்ல கண்ணு, அதான் தூங்குது" என்றேன். தறிக்காரர் வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு நம்பிக்கை. தறிச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குத் தாலாட்டு மாதிரி, ஓடும்போது தூங்கும், நின்றால் விழித்துக்கொண்டு உதைக்கும் என்போம். நான் பிரியாவைச் சுமந்தபோது என் மாமியார் எனக்குச் சொன்னது. எந்த டாக்டரும் சொன்னதில்லை. வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளும்மா. எந்நேரமானாலும் கூப்புடச் சொல்லியிருக்காங்க."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன். அவர் பெயரைத் தேடி எடுத்தும் வைத்திருந்தேன். கட்டைவிரல் அழுத்தவில்லை. நாலு நாளைக்கு முன்னால் கையை இறக்கச் சொன்ன வாயால் இன்றைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று இருந்தது. விரத நாளும் அதுவுமாக அவர் வந்து, தறியை நிறுத்தச் சொல்லி, தெருவே எட்டிப்பார்க்கும் என்றும் இருந்தது. முருகனே கதி என்று இருந்துவிடலாம் என்றும் இருந்தது. முருகன் என் விரலைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டது நான்தான்.

உள்ளே வந்து சொன்னேன்: "கேட்டேன் கண்ணு. பயப்படாத, காலைல வந்து பாக்கறேன்னாங்க."

பிரியாவுக்கு முகம் தெளிந்தது. நர்ஸம்மா சொன்னார் என்றால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் தறியை நிறுத்திப் பார்த்தோம். பிள்ளை உதைக்கவில்லை. நர்ஸம்மா வரட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் துடிப்பு இல்லை. முந்தின நாளே வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "வந்திருந்தா பாத்திருக்கலாங்கம்மா. பொழச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. பொழச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நான் நாலு வருஷமாக இருக்கிறேன்.

துக்கம் கேட்க வந்த சம்பந்தி வீட்டார் எங்கள் வாசலிலேயே நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் துக்கம் கேட்கத்தான் வந்திருந்தார்.

"ஏனுங்க, பொறுப்பான வேலைல இருக்கறவங்க நீங்க. புள்ளை அசையலீன்னு போன் பண்ணுனா, காலைல பாத்துக்கலாம்னு சொன்னீங்களாமா? உங்கூட்டுப் புள்ளையா இருந்தா அப்பிடிச் சொல்லுவீங்களா?"

நர்ஸம்மா ஒரு நொடி திகைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். 'எனக்கு யாரும் போன் பண்ணலீங்க' என்றால் முடிந்தது. போனை எடுத்துக் காட்டினாலும் முடிந்தது.

"தப்பாப் போச்சுங்க. மன்னிச்சுக்கோங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பொய் சொன்னவளுக்கு அத்தோடு வாய் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. "அந்த நர்ஸு மொதல்ல வில்லைக் காட்டுனா, பொறகு இப்பிடிப் பண்ணுனா" என்று நாலு பேரிடம் நானே சொன்னேன். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். சில வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகளை அவர் கண்ணில் படாமல் உள்ளே வைத்தார்கள். அவர் வெளியே நின்று தாளில் எழுதிக்கொண்டு, மாத்திரையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து எனக்குத் தாங்கவில்லை. துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து தடுப்பூசிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க நர்ஸம்மா, அன்னைக்கு ஏன் சொல்லலீங்க?" என்று கேட்டேன்.

பேனாவை மூடி வைத்தார்.

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்ங்க்கா? கொழந்தையும் போயி, அம்மாவும் இல்லீன்னு ஆயிருக்கும். அப்பறம் அந்தப் புள்ளை யாரு மடில படுத்து அழுகும்? நான் நர்ஸு. எம்மேல கோவப்பட்டா நான் தாங்கிக்குவேன்."

நான் அழுதேன். "நானே அவகிட்டச் சொல்லிப்போடறனுங்க" என்றேன்.

"சொல்லுங்க. இப்ப வேண்டாம். அது ஒடம்பு தேறட்டும், இன்னொரு கொழந்தையப் பெத்தெடுக்கட்டும். ஆனா சொல்லுங்க்கா. என்னைக்காவது சொல்லீருங்க." மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

அடுத்த வருஷமே பிரியா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். செல்போனில் என்னத்தையோ படித்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, ஒரு கொழந்தை தவறிப்போயி அதுக்கப்பறம் பொறக்கற கொழந்தைய ரெயின்போ பேபின்னு சொல்றாங்கம்மா. வானவில் குழந்தை. எத்தன அழகா இருக்குது பாரு."

"வாயக் கழுவு" என்றேன். "அந்தப் பேர இந்த ஊட்டுல எடுக்காத." அவள் முகம் சுருங்கிப்போனது. உலகத்தில் எங்கேயோ பிள்ளையை இழந்த தாய்மார்கள் தங்களைத் தேற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட வார்த்தை அது. எனக்கோ அதைக் கேட்டால் அப்பா துண்டை உதறுகிற சத்தம்தான் கேட்கும்.

இந்தத் தடவை நர்ஸம்மா வந்தால் பிரியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். நர்ஸம்மா வாசலில் நின்று என்னிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்வார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வார். "சரிங்க்கா, வாரனுங்க" என்று போய்விடுவார்.

எட்டரை மாதம். ஒரு சாயங்காலம், மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நேரம், பிரியா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா. அதே மாதிரி இருக்குதும்மா."

நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவில்லை. அவள் கண் முன்னாலேயே நர்ஸம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"அவங்க வேண்டாம்மா" என்று என் கையைப் பிடித்தாள். "நேரா ஆஸ்பத்திரிக்கே போயிரலாம். அவங்க மறுபடியும் காலைலன்னுதான் சொல்லுவாங்க."

மழையில் முழுக்க நனைந்து நர்ஸம்மா வந்தபோது பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. படியேறும்போதே, "ஏனுங்க, தறிய நிறுத்துங்க!" என்றார். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினார். எங்கள் தறி நின்றது. அது போதவில்லை. பக்கத்துக் கொட்டகையும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சுவர் ஏறி நின்று, "நிறுத்துங்கப்பா! எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்தினார். ஒவ்வொரு கொட்டகையாக அடங்கி, எங்கள் தெருவில் நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து கேட்டிராத ஒரு அமைதி வந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

நர்ஸம்மா குழலை வைத்துக் கண்ணை மூடினார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். பிரியா என் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பழனி மலைக்கு எத்தனை தடவை நடந்து வருவதாக வேண்டினேன் என்று எனக்கே தெரியாது.

"இருக்குது" என்றார். "ஆனா மெதுவா இருக்குது. எந்திரிங்க. கோயமுத்தூர் போலாம். இப்பவே."

துணி ஏற்றும் எங்கள் வேனில் மெத்தையைப் போட்டு பிரியாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நர்ஸம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டார். மழை விட்டு வெயில் அடித்தது. நான் முன்பக்கம் ஏறக் கதவைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. எதிரே, நட்டநடுவில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வில்.

"சித்தெ இருங்க" என்றேன். "வில்லு போட்டிருக்குது. அது மறையட்டும்."

வீட்டுக்காரரும் பார்த்தார். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவரும் காட்டுக்காரர் மகன்தானே.

"எத்தன நேரமாகுங்க மறைய?" என்று வேனுக்குள்ளிருந்து நர்ஸம்மா கேட்டார்.

"அஞ்சு நிமிஷம். மிஞ்சிப்போனா பத்து."

"அந்தக் கொழந்தைக்கு அஞ்சு நிமிஷம் இருக்குதான்னு எனக்குத் தெரியாதுங்க்கா."

நான் அழுதுகொண்டே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனால் தங்காது, நின்றாலும் தங்காது என்று இருந்தது. அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் என்னை ஏசியிருப்பார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்வார்கள். நர்ஸம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"ஏனுங்க்கா, இங்க பாருங்க. வில்லு எங்க இருக்குது? கெழக்க. சூரியன் மேக்க. கோயமுத்தூரு எங்க இருக்குது? மேக்கதான? வண்டியத் திருப்புனா வில்லு நம்ம முதுகுக்குப் பின்னால போயிருமுங்க. நாம அதப் பாத்துட்டுப் போகலை, அத உட்டுப்போட்டுப் போறோம். ஏறுங்க."

ஏறினேன். வேன் மேற்கே திரும்பியது. கண்ணைக் கூசும் வெயில் முகத்தில் அடித்தது. அதைவிட நல்ல சகுனத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

பாதி வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டி நின்றது. வீட்டுக்காரர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அது கண்ணாடில தெரியுது" என்று கிசுகிசுத்தார்.

"கண்ணாடிய மடிச்சு உட்ருங்க. பாரு கண்ணு, உங்கப்பாவே பயந்துக்கறாரு" என்றார் நர்ஸம்மா. அந்த நேரத்திலும் பிரியாவுக்கு ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது அழுகையாக மாறியது. ரயில் வரவில்லை. படுத்தபடியே நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"போன வாட்டி ஏனுங்க காலைல பாக்கலாம்னு சொன்னீங்க? இந்த மாதிரி அன்னைக்கே வந்திருந்தீங்கன்னா..."

நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை. ரயில் வந்துவிடாதா, அந்தச் சத்தத்தில் எல்லாம் அமுங்கிப் போகாதா என்று இருந்தது. இப்போது சொல்லிவிடு என்று ஒரு மனசு. சொன்னால் இவள் உடம்பு தாங்குமா என்று ஒரு மனசு. நர்ஸம்மா எனக்கு நேரம் கொடுத்தார் என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆமா கண்ணு" என்றார். "அன்னைக்குத் தப்பாப் போச்சு. இன்னைக்குக் காலைலன்னு சொன்னனா? சொல்லலை பாரு. நீ பேசாத, மூச்ச இழுத்து உடு."

ரயில் வந்தது.

பிரியாவை நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. உடனே அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஆபரேஷன் நடக்கும்போது வராந்தாவில் நானும் நர்ஸம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் திருநீற்றுப் பையைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தேன், அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வில்லைக் காட்டிப் பிள்ளையைப் போக்கினார் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். "தெரியுமுங்க" என்றார். பிறகு அவராகவே பேசினார்.

"எங்க கோயில்ல வில்லுன்னா, இனிமே ஒங்கள அழிக்க மாட்டேன்னு ஆண்டவன் குடுத்த வாக்குன்னு சொல்லிக்குடுப்பாங்க. ஆனா நான் அதுக்காக அதப் பாக்கறதில்லீங்க. எங்கப்பன் காட்டுக் கூலி. மழை புடிச்சுதுன்னா வேலை இல்லை, அடுப்பும் எரியாது. வில்லு போட்டா எங்கப்பன் எங்களையெல்லாம் குடிசைக்கு வெளிய கூட்டியாந்து காட்டும். 'மழை உட்டிருச்சு கண்ணுகளா, நாளைக்கு வேலைக்குக் கூப்புடுவாங்க'ன்னு சொல்லும். அதனாலதான் பிரியாவக் கூப்புட்டுக் காட்டுனனுங்க. எனக்கு வில்லுன்னா, நாளைக்குச் சோறு."

என் அப்பா துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போன அதே நேரத்தில், அதே வில்லுக்குக் கீழே, யாரோ ஒருவர் தன் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து காட்டியிருக்கிறார். ஐம்பது வயது வரைக்கும் எனக்கு அது தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுக்களை வரைக்கும் வந்து காபி குடிப்பார். அந்தத் தனி டம்ளர் மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டது. இப்போது தேடினாலும் எது என்று எனக்கே தெரியாது. ஆனால் நான் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கட்டும், மொட்டையடித்துக் காது குத்தட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். மூன்று வருஷம் போய்விட்டது. நர்ஸம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போகும்போது அந்தப் பார்வை மட்டும் இருக்கும். "வாரனுங்க்கா."

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, அதே வேனில், அதே கேட்டுக்கு முன்னால், பிரியாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் போன் பண்ணவே இல்லை என்று. கேட் திறந்துதான் இருந்தது. வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

பிரியா வேனிலிருந்து இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். ஒன்பது நாள் என் போனை எடுக்கவில்லை. பத்தாம் நாள் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"எங்கிட்டச் சொன்னது போதாதும்மா. அவங்கள நம்பாம கதவச் சாத்துனவங்க எல்லாருக்கும் சொல்லோணும். நானும் சாத்துனேன். அவங்க செத்ததுக்கப்பறம் அந்தக் கதவ எப்பிடித் தொறப்பேன்? நீ எழுது. உன் பேரப் போட்டு எழுது."

நர்ஸம்மாவின் பிள்ளைகள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவும் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவரைப் பற்றிச் சொன்னதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தைதான். "தறிய நிறுத்துங்க." எங்கள் வீட்டில் இப்போது யார் வந்து எனக்கு இது சரியில்லை என்று சொன்னாலும், அது பேத்தியின் வயிற்று வலியாக இருந்தாலும் சரி, தறி ஓட்ட வருகிற பெண்ணின் மனக்குறையாக இருந்தாலும் சரி, பதில் சொல்வதற்கு முன்னால் சுவிட்சை இறக்கிவிடுகிறேன். நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம்.

நேற்று எழுதி முடித்துப் பிரியாவுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. பேத்தி வாசலில் நின்று கிழக்கே கையை நீட்டி, "அம்மிச்சி, வில்லு, வில்லு" என்று குதித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை இறக்கவில்லை. காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, செய்தி வந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டு வரி படிப்பதற்குள் பிரியா சொன்னாள்: "கேக்கலைம்மா. தறிய நிறுத்து."

எழுந்துபோய் நிறுத்தினேன். திரும்பி வந்து முதல் வரியிலிருந்து படித்தேன்.